பூட்டு, சாவி, சாப்பாடு

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரம்மா கொடுத்த நோட்டு இது. தினமும் என்ன சாப்பிட்டேன், உடம்பு எப்படி இருந்தது என்று எழுதி மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் படிக்கப்போவதால் யார் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் லிப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தொன்று. கூட வேலை செய்பவன் மச்சான், என் மனைவியின் தம்பி. ஆறு வருடமாக நாங்கள் இரண்டு பேர்தான் ஒரு குழு. ஊர் ஊராகப் போய்ப் பழைய லிப்ட்களைப் பழுது பார்க்கிறோம்.

காலை: சாதம், முட்டை. மதியம்: பஸ்ஸில் வேர்க்கடலை, வாழைப்பழம் இரண்டு. உடம்பு: பரவாயில்லை.

எட்டு மணி நேரப் பயணம், பெட்டி மூன்று. ஒன்றில் ஸ்பேனர், மீட்டர். ஒன்றில் துணி. மூன்றாவது என் சமையலறை: சின்ன மின்சார குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி, இறுக்கமான டப்பாவுக்குள் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. டப்பா மேல் மச்சான் 'மாமாவுக்கு மட்டும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மண்டை ஓடும் வரைந்திருக்கிறான்.

பஸ் நின்ற இடத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் கேட்டார்: "வாங்குறீங்களா, இல்ல படிச்சிட்டு வெச்சிருவீங்களா?" வைத்துவிட்டேன். மச்சானுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. எட்டு மாதமாக என் பெயர் 'லேபிள் மாமா'.

மார்ச் 5, வியாழன்

முதல் ஊர். லாட்ஜ் அறையில் ஒரே ஒரு பிளக். குக்கரா, போன் சார்ஜா என்று தினமும் முடிவு செய்ய வேண்டும்.

மதியம் வேலை செய்த கட்டடத்தின் கேண்டீனில் கேட்டேன். "இந்த கிரேவில கோதுமை மாவு போட்டிருக்கீங்களா?"

"சேச்சே, கோதுமையெல்லாம் இல்ல சார். மைதாதான்."

சமையல்காரர் நல்ல மனிதர், பெருமையாகத்தான் சொன்னார். மைதாவும் கோதுமைதான் என்று நான் சொன்னதும், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பரிமாறப் போய்விட்டார்.

மதியம்: கையோடு கொண்டுபோன சாதம், உருளைக்கிழங்கு. உடம்பு: சரி.

மார்ச் 6, வெள்ளி

ஆபீஸிலிருந்து போன். உடம்பு எப்படி இருக்கிறது என்று மேலதிகாரி கேட்டார். குரலில் அக்கறை இருந்தது, கணக்கும் இருந்தது.

போன வருடம் ரத்தம் குறைந்து, ஏணியிலேயே தலை சுற்றி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் இந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது: சீலியாக். கோதுமை, பார்லி வகையறாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் என் உடம்பே என் குடலோடு சண்டை பிடிக்கும். மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

வெளியூர் வேலைக்குத் திரும்ப அனுப்பும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உடம்பு சரியில்லாத நாளில் வேலையிடத்தில் ஏறக்கூடாது. உடனே தெரிவிக்க வேண்டும். ஆறு மாதத்தில் மூன்றுமுறை அப்படி ஆனால் கிடங்கு வேலை. இரண்டுமுறை ஆகிவிட்டது. கிடங்கு என்றால் சன்னல் இல்லாத ஒரு கூடத்தில் உட்கார்ந்து பெல்ட்டையும் போல்ட்டையும் எண்ணுவது. எனக்கு ஊர் ஊராகப் போவது பிடிக்கும். கெட்டுக் கிடந்த ஒன்று மறுபடி மேலே போவதைப் பார்க்கப் பிடிக்கும். அவ்வளவுதான், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது ஊர். பதினான்கு மாடிக் குடியிருப்பு. லிப்டின் வயது இருபத்தாறு. இங்கே ஒரு வாரம்.

கட்டடத்து எலக்ட்ரீஷியன் அறுபதை நெருங்குகிறார். வாய் ஓயாமல் பேசுகிறார். மோட்டார் அறையில் இரண்டு மாதம் முன்பு தானே மாட்டிய புது மெயின் சுவிட்சைக் காட்டினார், பேரப்பிள்ளை போட்டோவைக் காட்டுகிற மாதிரி. உண்மையில் சுத்தமான வேலை.

காலை, மதியம், இரவு: சாதம். கூட முட்டை. உடம்பு: சரி.

மார்ச் 10, செவ்வாய்

இன்றோடு இந்தப் பயணத்தில் 'இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்' என்று பதினொரு முறை கேட்டாயிற்று. எண்ணியிருக்கக் கூடாது. எண்ணிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

எலக்ட்ரீஷியன் மாலையில் ஒரு பெரிய தூக்கு நிறைய சூப் கொண்டுவந்தார். மனைவி செய்ததாம். "வெளியூர்ல வந்து வெறும் சோத்தையே தின்னுட்டு கெடக்கீங்களே, தம்பி." மச்சான் இரண்டு கிண்ணம் குடித்தான்.

நான் சாதம், முட்டை. உடம்பு: சரி.

மார்ச் 12, வியாழன்

நேற்றைய பக்கத்தில் எழுதியிருப்பது பொய். டாக்டரம்மா, மன்னியுங்கள். சூப்பை நானும் குடித்தேன்.

கெட்டியாக இருந்தது. கெட்டியாக இருந்தால் கேட்க வேண்டும் என்பது எனக்கு இப்போது அனிச்சை மாதிரி. கேட்கவில்லை. சோளமாவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டாவது முறை கேட்க வாய் வரவில்லை. ஒரே ஒரு மாலை, தட்டை நீட்டினால் வாங்கிச் சாப்பிடுகிற சாதாரண ஆளாக இருந்து பார்த்தேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மணி நேரத்தில் வாந்தி. பிறகு வயிறு. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன், மச்சானுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று.

காலையில் அவன் கேட்டான்: "மாமா, மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"தூக்கம் இல்லடா."

அதுவும் பொய் இல்லை. இன்று வேலைக்குப் போனேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

லிப்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். அதற்குள் ஒருவர் இறங்குமுன் மாடியில் மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை இறக்கி, அதன்மேல் பூட்டுப் போட வேண்டும். குழியில் இறங்குகிறவரே தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பதினான்கு மாடி ஏறிப் பூட்டிவிட்டுப் பதினான்கு மாடி யார் இறங்குவது? அதனால் நாங்கள் ஒரே பூட்டு. நான் மேலே, அவன் கீழே. வாக்கிடாக்கியில் நாலு வார்த்தை.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு."

"சாவி?"

"பையில."

ஆறு வருடம், ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்போம். நேற்று காலை அவன் கேட்டான், நான் சொன்னேன். சொல்லும்போது பூட்டு என் கையில் இருந்தது. சுவிட்சை இறக்கவே இல்லை. தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. வாய் தன் பாட்டுக்குப் பதில் சொன்னது. ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

குழியிலும் ஒரு நிறுத்தப் பொத்தான் உண்டு. அது கெட்டுப்போனதால், யாரோ எப்போதோ ஒரு துண்டு வயரால் அதைத் தவிர்த்து இணைத்திருந்தார்கள்; அழுத்தினாலும் லிப்ட் நிற்காது. அதை மாற்றத்தான் அவன் இறங்கினான். தரைத்தளத்தில் 'பழுது' பலகை. யாரும் தவறி விழக்கூடாது என்று அந்தத் தளத்து லிப்ட் கதவையும் சாத்திக்கொண்டிருந்தான்; கதவு மூடியிருந்தால்தான் லிப்ட் ஓடும். இரண்டாவது மாடியில் யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.

மோட்டார் சுற்றியது. என் கண்ணுக்கு முன்னால் சுற்றியது. ஒரு நொடி எனக்கு அது என்னவென்றே புரியலை. ஒரு நொடியா, பத்து நொடியா, தெரியலை. எழுந்து சுவிட்சை அடிச்சு இறக்கினேன். லிப்ட் பத்தாவது மாடியிலிருந்து ஆறாவது வரைக்கும் இறங்கியிருந்தது. கீழே குழியில ஒரு சின்னச் சக்கரம் இருக்கு, லிப்ட் ஓடினா அதுவும் சுத்தும். அவன் கை அதுக்குப் பக்கத்துல இருந்திருக்கு. கையுறையோட சுட்டுவிரல் நுனியைப் பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சு. விரல் இருக்கு. விரல் இருக்கு.

அவன் மேலே வந்தான். பதினான்கு மாடியும் ஓடியே வந்திருப்பான். "சுவிட்சை இறக்கினப்புறமும் ஓடுச்சா மாமா? அப்ப சுவிட்ச்சுல கோளாறு!"

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. அவனே சொன்னான், அவனே நம்பினான். நான் சும்மா தலையை ஆட்டினேன்.

மார்ச் 14, சனி

சாதம். உப்பு. உடம்பு: தேறிவருகிறது.

மச்சான் ஆபீஸுக்கு அறிக்கை அனுப்பிவிட்டான். 'மெயின் சுவிட்ச் பழுது. உயிர்ச்சேதம் நேர இருந்தது.' கட்டடத்து நிர்வாகத்துக்கும் ஒரு நகல்.

அந்தக் கையுறையைச் சன்னல் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறான். ஞாபகத்துக்காம்.

மார்ச் 15, ஞாயிறு

மனைவியோடு பேசினேன். மச்சான் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். "நீங்க மேல இருந்ததாலதான் என் தம்பி இன்னிக்கு இருக்கான்" என்றாள். அழுதாள். நான் பதிலுக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மார்ச் 16, திங்கள்

காலையில் எலக்ட்ரீஷியன் வரவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தகவல் சொன்ன காவலாளி, "தப்பான சுவிட்ச்சை மாட்டிட்டாராமே, பெரிய ஆளு மாதிரி பேசுவாரு" என்றார்.

தூக்கு எங்கள் அறையிலேயே இருக்கிறது. கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். மச்சான் கழுவட்டும் என்று நினைத்தேன். என் பஞ்சால் அதைத் தேய்க்க முடியாது, மாவு ஒட்டிக்கொள்ளும். பாருங்கள், அந்த நேரத்திலும் பஞ்சைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

கேட்காமல் சூப் குடித்தேன். சொல்லாமல் வேலைக்குப் போனேன். பூட்டாமல் பூட்டியாச்சு என்றேன். சூப் கொடுத்த மனிதர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மச்சான் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நின்றபடியே கேட்டான். சூப், வாந்தி, குழாய்ச் சத்தம், கையிலேயே இருந்த பூட்டு என்று வரிசையாகச் சொன்னேன். நுரை வாயில் இருந்ததால் இடையில் எதுவும் கேட்கவில்லை. போய்க் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"மறந்தது சரி மாமா. மனுஷன் மறப்பான். ஆனா அஞ்சு நாளா இந்தக் கையுறை அங்க தொங்குது. நீங்களும் பாத்துட்டே இருந்தீங்க."

கையுறையைக் கம்பியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "நீங்க கிடங்குல உக்காந்தா நம்ம குடி முழுகிடுமா? அவன் என் தம்பிங்க" என்றாள். வைத்துவிட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

ஆபீஸுக்கு எழுதினேன். நான்கு வரி. முதல் இரண்டு: 'சுவிட்ச் நன்றாக இருக்கிறது. நான் இறக்கவில்லை.'

மார்ச் 18, புதன்

எலக்ட்ரீஷியன் வீட்டுக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் கூட வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து பின்னால் நின்றுகொண்டார். நோயைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் போனேன். சொல்லாமல் எப்படி விளக்குவது?

அவர் கொஞ்ச நேரம் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "அப்ப எங்க சூப்புதான் காரணமா, தம்பி?"

"இல்லங்க. நான் கேக்காததுதான் காரணம்."

அந்த அம்மா முதல்முறையாகப் பேசினார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ரெண்டு ஸ்பூன் மைதா. போடாமலும் செய்யலாம், தண்ணியா இருக்கும், அவ்ளோதான்."

எலக்ட்ரீஷியன் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சுவிட்ச் நல்லாதான் இருக்குன்னு எழுத்துல குடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நகலைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஆபீஸ் உத்தரவு. மூன்று மாதம் கிடங்கு. அதன்பிறகு வெளியூர் வேலைக்குப் போவதென்றால், கூட வேலை செய்கிறவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் இன்று வேலைக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் முன் இருக்கையில் உட்கார்ந்தான், நான் பின்னால். பஸ் நின்ற இடத்தில் இறங்கிப் போனவன், வரும்போது இரண்டு வாழைப்பழத்தை என் மடியில் போட்டுவிட்டுப் போனான். தோலோடு இருப்பதில் லேபிள் தேவையில்லை.

ஏப்ரல் 8, புதன்

கிடங்கு. போல்ட் எண்ணினேன். மதியம் வீட்டுச் சாப்பாடு. உடம்பு: முதல்தரம். என் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு உடம்பு இவ்வளவு நன்றாக இருக்க வேண்டியதில்லை.

மனைவி பேசுகிறாள். முன்னைவிடக் கொஞ்சம் சுருக்கமாக.

மே 6, புதன்

மச்சான் வேறு ஆளோடு வெளியூர் போயிருக்கிறான். வீட்டுக்குப் போன் பண்ணினால் அக்காவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். இன்று அவள் போனை என் காதில் கொண்டுவந்து வைத்தாள், கேட்காமலே.

"மாமா, இந்த ஆளு குறட்டை விடுறான்" என்றான்.

"நான் விடமாட்டேனா?"

"நீங்க விடுறது பழகிடுச்சு."

ஜூன் 3, புதன்

டாக்டரம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். முழுவதையும் என் எதிரிலேயே படித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில் ரத்தம் ஏறியிருக்கிறது, எடை கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசினார்.

எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்: "பதினோரு தடவை கேட்டிருக்கீங்க. பன்னெண்டாவது தடவை கஷ்டமா இருந்தா, உங்களுக்குப் பதிலா கேக்க ஒரு ஆள் வெச்சுக்குங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி எழுத வேண்டியதில்லையாம். வழக்கமாகிவிட்டது, எழுதுகிறேன்.

ஜூன் 22, திங்கள்

மச்சான் கிடங்குக்கு வந்தான். என் மேசையில் இரண்டு பொருளை வைத்தான். ஒன்று ஆபீஸ் தாள், கையெழுத்துப் போட்டது. இன்னொன்று சிவப்புப் பூட்டு, புதுசு.

"இது என்னுது. இனிமே ரெண்டு பூட்டு. எத்தன மாடியா இருந்தாலும் நானே ஏறி வந்து மாட்டிட்டுதான் கீழ எறங்குவேன்."

"சரிடா."

"கோவமா?"

"இல்ல." கோபம் இல்லை. கொஞ்சம் வலித்தது. வலிக்கத்தான் வேண்டும்.

ஜூலை 2, வியாழன்

புது ஊர், பதினோரு மாடி. மச்சான் ஏறி வந்து சிவப்புப் பூட்டை மாட்டினான், நான் என் பூட்டை மாட்டினேன். இழுத்துப் பார்த்தான், என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னான். இறங்கினான். வாக்கிடாக்கியில் பழைய நாலு வார்த்தையோடு இப்போது இன்னும் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது.

"சாப்பாடு?"

"என் பெட்டிதான்."

"அப்ப எறங்குறேன்."

இங்கே கேண்டீனில் எனக்காக அவன்தான் கேட்கிறான். என்னைவிட மோசம். சமையல்காரரை மாவு டப்பாவைத் திறந்து காட்டச் சொல்கிறான்.

ஜூலை 9, வியாழன்

நேற்று மாலை லாட்ஜ் பக்கத்துக் கடையில் வறுத்த கடலை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், அதே சட்டியில் மைதா மாவு தோய்த்த கடலையும் வறுக்கிறார்கள். லேபிள் இல்லாத பொருள், லேபிள் மாமா ஏமாந்தான். காலையில் வயிறு கனம், தலையில் லேசாக அந்தப் பஞ்சு. ரொம்ப இல்லை. சமாளித்துவிடலாம் போலத்தான் இருந்தது.

இரண்டு பூட்டும் போட்டாயிற்று. அவன் கீழே போய்ச் சேர்ந்தான்.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு. ரெண்டும்."

"சாவி?"

"பையில."

"சாப்பாடு?"

வாக்கிடாக்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பூட்டுகள் இரண்டும் கண்ணுக்கு முன்னாலேயே தொங்கின. அவனுக்கு எந்த ஆபத்தும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் ஆபீஸின் மூன்றுமுறைக் கணக்கில் ஒன்று ஏறும்.

"நேத்து கடலை சாப்பிட்டேன்டா. மாவுச் சட்டியில வறுத்தது. தலை சரியில்ல."

வாக்கிடாக்கியில் கதவு மூடும் ஓசை கேட்டது. பதினோரு மாடி ஏறி வந்து சேர மூச்சு வாங்கியது அவனுக்கு. திட்டவில்லை. கவிழ்த்த டப்பா ஒன்றில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலில் அட்டையை வைத்து இன்றைய அறிக்கையை எழுதினான். வேலை ஒரு நாள் தாமதம். கடைசிக் கட்டத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். பேனாவைக் கொஞ்சம் கடித்துக்கொண்டிருந்துவிட்டு 'சாப்பாடு' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினான். நானும் போட்டேன்.